எலுமிச்சை இலையில் மஞ்சள் வளையம்: மரத்தை வெட்டுவதற்கு முன்

கேள்வி

அடையாறு காந்தி நகரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 12 வருஷமாக ஒரு எலுமிச்சை மரம் இருக்கிறது. என் மாமியார் கையால் வைத்தது. ஊறுகாய்க்கோ சாதத்துக்கோ இதுவரை கடையில் எலுமிச்சம்பழம் வாங்கியதில்லை. போன ஐப்பசி மழைக்குப் பிறகு இலைகளில் மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் புள்ளிகள் வர ஆரம்பித்தன. இப்போது காயிலும் இளங்கிளையிலும் அதே புள்ளி. தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. துளிர் இலைகளில் வெள்ளிக் கோடு போட்டதுபோல் நெளிநெளியாக ஏதோ ஓடுகிறது. இலைகள் சுருண்டு கொட்டுகின்றன.

என் மருமகன் பிரேசிலில் சாவோ பாவ்லோ பக்கம் வேலை பார்க்கிறார். போட்டோ அனுப்பியதும், "அத்தை, இங்கே ஆரஞ்சுத் தோப்புகளில் லெப்ரோசிஸ் என்று ஒரு வைரஸ் நோய் உண்டு. சிலந்திப்பேன் பரப்புவது. பார்த்தால் அதே மாதிரி இருக்கிறதே" என்றார். வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தோட்டக்காரர், மரத்தை வெட்டிவிட வேண்டியதுதான், இல்லாவிட்டால் மாடியில் இருக்கும் சாத்துக்குடிக்கும் தொற்றிவிடும் என்கிறார். மாடியில் இரண்டு தொட்டி சாத்துக்குடி, ஏழெட்டு ஆர்க்கிட், வாசலில் செம்பருத்தி வைத்திருக்கிறேன். மார்கழியில் மகள் பிரேசிலிலிருந்து வரும்போது நல்ல ஆரஞ்சு ரகத்தில் ஒட்டுக் குச்சி கொண்டு வரட்டுமா என்றும் கேட்கிறாள். மரத்தை வெட்டுவதா, மருந்து அடிப்பதா? குச்சி கொண்டு வரலாமா? விவரமாகச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, காந்தி நகர், அடையாறு

பதில்

அம்மா, மரத்தை வெட்ட வேண்டாம். மழைக்குப் பின் தொடங்கியது, புள்ளி கைக்குச் சொரசொரப்பது, துளிரில் வெள்ளிக் கோடு ஓடுவது என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களும் சேர்ந்து காட்டுவது சொறி நோயை. சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வரும் இந்த நோய் நம் ஊர் எலுமிச்சைக்கு மிகப் பழையது. வைரஸுக்கும் சிலந்திப்பேனுக்கும் இதில் பங்கில்லை. கீழே எழுதியிருக்கும் சோதனைகளைச் செய்து நீங்களே இதை உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

அதற்காக உங்கள் மருமகனின் கவலையைத் தள்ளிவிடவும் மாட்டேன். லெப்ரோசிஸ் நிஜமான நோய், பெரிய நோய். இந்தியத் தோட்டங்களில் அது நிலைகொண்டதாக அறியப்படவில்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய பேன்களின் குடும்பம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எனவே உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளில், மகள் கொண்டு வரவிருக்கும் குச்சியைப் பற்றியதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கண்ணும் விரலும் போதும்

நோய் பிடித்த இலை ஒன்றைப் பறித்து, மேல்பக்கமும் அடிப்பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொறி நோய்ப் புள்ளி இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். நடுவில் தக்கைபோல் வெடித்து, எரிமலை வாய் மாதிரி ஒரு சின்னப் பள்ளம் தெரியும். ஓரத்தில் எண்ணெய் பட்டாற்போல் ஒரு ஈர விளிம்பு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். காயிலும் இதே தக்கைப் புடைப்புதான்.

லெப்ரோசிஸ் புள்ளி பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். அளவிலும் பெரிது, அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் போகும். நடுவில் பழுப்பு, சுற்றிலும் மஞ்சள், சில நேரம் வளையத்துக்குள் வளையம். காயில் அது புடைக்காது. பழுப்பாகவோ கறுப்பாகவோ குழிந்து போகும், பழம் முற்றுவதற்கு முன்பே உதிரும். கிளையில் பட்டை செதில் செதிலாக உரிந்து, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும்.

துளிரில் ஓடும் வெள்ளிக் கோடு இலைத் துளைப்பானின் வேலை. ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழு இலையின் தோலுக்கு அடியிலேயே தின்றுகொண்டு போன வழி அது. அந்தக் காயத்தின் வழியாகத்தான் சொறி நோய்ப் பாக்டீரியா மழைத்துளியோடு உள்ளே இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த இரண்டும் கூட்டுச் சேர்வது சென்னையில் வருஷா வருஷம் நடப்பது.

குழப்பக்கூடிய வேறு சில நோய்களையும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சையின் இளம் இலையை வெயிலுக்கு எதிரே பிடிக்கும்போது நரம்பு விட்டுவிட்டு வெளுத்துத் தெரிந்தால், டிரிஸ்டீசா வைரஸாக இருக்கலாம். அதைப் பரப்புவது கறுப்பு அசுவினி. நரம்பின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் திட்டுத்திட்டாக மஞ்சள் ஏறினால், சைலிட் பூச்சி பரப்பும் கிரீனிங்கைச் சந்தேகிக்க வேண்டும். நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் இரு பக்கமும் ஒரே மாதிரி வெளுத்தால் பெரும்பாலும் துத்தநாகச் சத்துக் குறைவு. அது நோயே இல்லை. ஆந்திரத்துச் சாத்துக்குடியில் பளிச்சென்ற மஞ்சள் தேமலை உண்டாக்கும் வைரஸ் ஒன்று ஒட்டுக்குச்சி வழியாகவும் மாவுப்பூச்சி வழியாகவும் பரவுகிறது. பஞ்சாபின் கின்னோ ஆரஞ்சில் வளையப்புள்ளி வைரஸ் ஒன்று இருக்கிறது. இலையில் மஞ்சள் கண்டதும் ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாது என்பது இதிலிருந்தே புரியும்.

லெப்ரோசிஸ் வந்த வழி

இந்த நோயை முதலில் விவரமாக எழுதிவைத்தது அமெரிக்காவின் புளோரிடாவில். ஹோவர்ட் ஃபாசெட் என்ற தாவர நோயியலாளர் 1911இல் இதைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தார். கார்லோஸ் ஸ்பெகாட்சினி 1920இல் பராகுவேயில் இதைப் பதிவுசெய்தார். அடுத்து பிரேசிலில் பரவியது. காரணம் வைரஸ் என்பது வெகுகாலம் உறுதிப்படவில்லை. பேன் உமிழும் நஞ்சால்தான் புள்ளி விழுகிறது என்று நம்பியவர்களும் உண்டு. 1972இல் பிரேசிலின் எலியட் கிடாஜிமாவும் அவருடன் வேலை செய்தவர்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நோயுற்ற திசுவுக்குள் குட்டைக் கோல் வடிவத் துகள்களைக் கண்டார்கள். இன்று இந்த வைரஸ்களில் ஒரு குடும்பத்துக்கே அவர் நினைவாகக் கிட்டாவிரிடே என்று பெயர்.

ஒரே வைரஸ் செய்யும் வேலையும் இல்லை இது. உறவே இல்லாத பல வைரஸ்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிப் புள்ளியை உண்டாக்குகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ வரை அதிகச் சேதம் செய்வது சிலிவைரஸ் என்ற பிரிவு. இது செல்லின் உட்கருவுக்கு வெளியே பெருகும். டைக்கோராவைரஸ் என்ற பிரிவு உட்கருவுக்குள்ளேயே பெருகும், வெறிநாய்க்கடி வைரஸின் தூரத்து உறவு. ஹவாயில் எலுமிச்சை இனத்திலும் செம்பருத்தி இனத்திலும் கண்ட மூன்றாவது பிரிவு ஒன்றும் இருக்கிறது. உறவில்லாத இத்தனை பிரிவுகளையும் இணைப்பது, இவற்றை எல்லாம் சுமந்து திரியும் தட்டைச் சிலந்திப்பேன்கள்தான்.

புளோரிடாவின் கதை இங்கே கவனிக்கத்தக்கது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தோப்புகளை ஆட்டிவைத்த இந்த நோய் 1960களுக்குள் மறைந்தே போனது. பழத்தைக் கருக்கும் துருப்பேனுக்காக விவசாயிகள் அடித்த கந்தகம் தட்டைப்பேனையும் சேர்த்து ஒழித்தது. கடும் பனிக்காலங்களும் அதற்கு உதவின. அந்தக் காலத்துப் புளோரிடா இலைகள் உலர்மாதிரிகளாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றுக்குள் டைக்கோராவைரஸ் பிரிவைச் சேர்ந்த ஒரு வைரஸின் மரபுப்பொருளை அடையாளம் கண்டது. வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து எதையும் யாரும் அடிக்கவில்லை, அப்படி ஒரு மருந்து இன்றுவரை கிடையாது. சுமப்பவன் ஒழிந்தான், நோயும் போனது.

இதே ஃபாசெட் வேறொரு விதத்தில் உங்கள் மரத்தோடும் சம்பந்தப்படுகிறார். 1933இல் அவரும் அன்னா ஜென்கின்ஸும் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் பழைய உலர்மாதிரிகளைப் புரட்டியபோது, 1827க்கும் 1831க்கும் இடையில் இந்தியாவில் சேகரித்த கடாரங்காய் வகை இலைகளில் சொறி நோயின் புள்ளிகளைக் கண்டார்கள். உங்கள் பின்கட்டு மரத்தில் இன்று இருக்கும் நோய் ஏறக்குறைய 200 வருஷத்துக்கு முன்பே இந்த மண்ணில் இருந்திருக்கிறது. அந்த 200 வருஷமும் நாம் எலுமிச்சை பறித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒரே பேன் போதும்

லெப்ரோசிஸைப் பரப்பும் பேன்கள் பிரெவிபால்பஸ் என்ற இனத்தவை. நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். தட்டையான செந்நிற உடம்பு, மெதுவான நடை. வலை பின்னுவதில்லை. கத்தரியிலும் ரோஜாவிலும் நூலாம்படை மாதிரி வலை கட்டும் சிவப்புச் சிலந்திப்பேன் வேறு சாதி. தட்டைப்பேன் பட்டை வெடிப்பிலும் காயின் சொரசொரப்பான இடத்திலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். முட்டை ஆரஞ்சுச் சிவப்பு.

இவற்றில் ஆணைக் காண்பதே அரிது. 2001இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்தப் பேன்களின் உடலில் வாழும் ஒரு பாக்டீரியா ஆணாகப் பிறக்க வேண்டிய முட்டைகளையும் பெண்ணாக்கிவிடுகிறது என்று காட்டியது. பெண் பேன் இணை சேராமலே முட்டையிடும், பொரிப்பதும் பெண்ணே. ஒரு குச்சியில் ஒரே ஒரு பேன் ஒட்டி வந்தாலும் ஒரு கூட்டம் தொடங்கிவிடும். "சுத்தமாகத் துடைத்துத்தான் கொண்டு வந்தேன்" என்பது இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

பொரித்து வரும் குஞ்சு வைரஸோடு பிறப்பதில்லை. நோயுள்ள புள்ளியில் சாறு உறிஞ்சும்போதுதான் அதற்குத் தொற்று ஏறுகிறது. பிறகு அது போய்க் குத்தும் இடங்களில் வைரஸ் இறங்குகிறது. குத்திய சில வாரங்கள் கழித்தே புள்ளி தெரியும்.

தோட்டக்காரருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. லெப்ரோசிஸ் வைரஸ் மரம் முழுக்க ஓடுவதில்லை. டிரிஸ்டீசாவும் கிரீனிங்கும் சாற்றுக் குழாய் வழியே வேர் வரை இறங்கும், லெப்ரோசிஸ் பேன் குத்திய இடத்தைச் சுற்றியே நின்றுவிடும். மரம் நூறு இடத்தில் புள்ளி விழுந்து தவிக்கிறது என்றால், பேன் நூறு இடத்தில் குத்தியிருக்கிறது என்று பொருள். ஆகவே லெப்ரோசிஸே வந்திருந்தாலும், தொற்றுள்ள கிளைகளைக் கழித்து, பேனை ஒழித்தால், மரத்தை மீட்டுவிடலாம். வைரஸ் என்றாலே மரத்தை வெட்ட வேண்டும் என்பது மற்ற வைரஸ்களைப் பார்த்து வந்த பயம்.

அப்படியானால் பிரேசில் ஏன் திணறுகிறது? பரப்பளவுதான் காரணம். சாவோ பாவ்லோவின் தோப்புகள் உலகத்தின் ஆரஞ்சுச் சாற்றில் பெரும்பங்கைத் தருபவை. அவ்வளவு மரத்தையும் கிளை கிளையாகக் கழிக்க முடியாது. பேன்கொல்லி மருந்துக்கே ஆண்டுதோறும் பல கோடி டாலர் செலவாகிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில் பேன்கள் அதைத் தாங்கப் பழகிவிட்டன. அதனால் ஆட்கள் லென்ஸுடன் வரிசை வரிசையாக நடந்து, காயிலும் கிளையிலும் பேன் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை கூடும்போது மட்டும் மருந்தடிக்கும் முறை அங்கே வந்தது. ஒற்றை மரம் வைத்திருக்கும் உங்களுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது.

பழ வகைகளிலும் வேறுபாடு உண்டு. ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த சாத்துக்குடிதான் லெப்ரோசிஸுக்கு எளிதில் விழும். எலுமிச்சை வகைகள் ஓரளவு தாங்கும். சொறி நோய்க்கு இது அப்படியே தலைகீழ்: எலுமிச்சைதான் முதலில் விழும். உங்கள் வீட்டில் எலுமிச்சையில் புள்ளி நிறைந்திருக்க, சாத்துக்குடியைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் எழுதவில்லை. அதுவும் சொறி நோயின் பக்கமே சாட்சி சொல்கிறது.

நம் வயலில் பேன் சுமக்கும் வைரஸ்

பேன் பரப்பும் வைரஸ் என்பது நமக்குப் புதிதில்லை. துவரை பயிரிடுகிறவர்களைக் கேட்டால் மலட்டுத் தேமல் நோயைப் பற்றிச் சொல்வார்கள். செடி புதராகப் பச்சைப் பசேலென்று வளரும், பூக்காது, காய்க்காது. 1931இல் பீகாரின் பூசாவிலிருந்து முதல் பதிவு வந்தது. 1962இல் அதைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பேன் என்று தெரிந்தது. அந்தப் பேன் சுமப்பது ஒரு வைரஸ் என்று கண்டுகொள்ள 2000ஆம் ஆண்டு வரை ஆனது. ஐதராபாத் அருகே பட்டாஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனமும் ஸ்காட்லாந்துப் பயிர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அதைச் செய்தன. ஏறக்குறைய 70 வருஷம் விவசாயி விளைச்சலை இழந்துகொண்டே இருந்தார், காரணம் மட்டும் கைக்கு வரவில்லை.

தென்னையையும் நினைத்துப் பாருங்கள். தேங்காயைத் தாக்கும் ஈரியோபைட் பேன் வைரஸ் எதையும் சுமப்பதில்லை, அது வந்த வழிதான் நமக்குப் பாடம். மெக்சிகோவின் குவெரெரோ மாநிலத்துத் தேங்காயில் கண்டு 1965இல் அறிவியலில் பெயர் பெற்ற பேன் அது. 1998இல் கேரளத்தில் தென்பட்டது. பிறகு தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் தேங்காய் சிறுத்து, மட்டை வெடித்து, தழும்பேறியது. கால் மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர், ஒருமுறை உள்ளே வந்தபின் அதைத் திருப்பி அனுப்ப யாராலும் முடியவில்லை.

தட்டைப்பேன்களோ நம்மிடம் எப்போதோ இருக்கின்றன. நீலகிரி, ஆனைமலைத் தேயிலைத் தோட்டக்காரர்கள் செம்பேன் வகைகளில் ஒன்றாக பிரெவிபால்பஸை வெகுகாலமாக அறிவார்கள். சுமக்கும் ஆள் தயாராக நிற்கிறது, சுமை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

உங்கள் எலுமிச்சைக்கு இப்போது

எந்த நோய் என்று தெரியாமல் வைத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். சிலந்திப்பேன் என்றால் குழாயைப் பிடித்து இலையின் அடிப்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவுவது நல்லது. சொறி நோய் என்றால் அதே தண்ணீர் பாக்டீரியாவை இலைக்கு இலை தெறிக்கவைக்கும். தாமிர மருந்து சொறி நோயைத் தடுக்கும், பேனை ஒன்றும் செய்யாது. கந்தகம் பேனைக் கொல்லும், சொறி நோயைத் தொடாது. கடையில் கொடுக்கும் பொதுப்பூச்சி மருந்தோ, பேனைத் தின்னும் நல்ல பேன்களை முதலில் கொன்று, கெட்ட பேனைப் பெருகவிடும்.

ஆகவே சொறி நோய் என்று உறுதிப்படுத்திக்கொண்ட பின் இந்த வரிசையில் செய்யுங்கள்.

மழை இல்லாத, இலை உலர்ந்த நாளாகப் பார்த்துப் புள்ளியுள்ள இளங்கிளைகளை நல்ல பகுதி வரை கழித்துவிடுங்கள். ஒவ்வொரு கிளைக்குப் பிறகும் கத்தரியை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். கழித்ததையும் உதிர்ந்த இலைகளையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம், வீட்டில் எரிக்கவும் வேண்டாம்.

கழித்த மறுநாள் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து, இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். புதுத் துளிர் விடும்போது இன்னொரு முறை, பருவமழை தொடங்குவதற்கு முன் ஒருமுறை. கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். மருந்து டப்பாவில் சொல்லியிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை பழம் பறிக்காதீர்கள், பிறகும் நன்றாகக் கழுவியே பயன்படுத்துங்கள்.

துளிர் விடும் காலத்தில் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லியைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, வாரம் ஒருமுறை மாலையில் தெளித்தால் இலைத் துளைப்பான் குறையும். மழைக்காலத்தில் தழைச்சத்து உரம் போட வேண்டாம். அது இளந்துளிரைக் கொட்டிக் கொடுக்கும், துளைப்பானுக்கு அதுதான் விருந்து.

தண்ணீரை வேரடியில் விடுங்கள். இலை மீது ஊற்ற வேண்டாம். புள்ளி விழுந்த பழங்களை வீணாக்கத் தேவையில்லை. தோலில்தான் குறை. சாறு நல்ல சாறு, ஊறுகாய்க்கும் சாதத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பழைய இலைப் புள்ளி மறையாது. புதிதாக வரும் துளிர் சுத்தமாக வருகிறதா என்பதை வைத்தே வைத்தியம் பலித்ததா என்று பார்க்க வேண்டும்.

மாடியில் உள்ளவற்றுக்கு

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பங்குனி முதல் ஆடி வரையிலான வறண்ட வெயிலில்தான் பேன்கள் பெருகும். அப்போது 15 நாளுக்கு ஒருமுறை சாத்துக்குடிக் கிளையின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்து, கிளையை நாலு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழும் புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். தட்டைப்பேன் எளிதில் உதிராது. எனவே காயின் தழும்புகளையும் இலையடி நடுநரம்பையும் லென்ஸால் தனியே பார்ப்பது நல்லது.

பேன் இருந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். உச்சி வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய் அடித்த மூன்று வாரத்துக்குள் கந்தகம் கூடாது, கந்தகம் அடித்த பிறகு வேப்பெண்ணெய்க்கும் அதே இடைவெளி வேண்டும்.

ஆர்க்கிட்டை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. 1969இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட ஆர்க்கிட் புள்ளி வைரஸும் தட்டைப்பேன் சுமப்பதுதான். ஆர்க்கிட் வியாபாரத்தோடு அது உலகின் பல நாடுகளுக்குப் போய்விட்டது. அதன் சில வகைகள் எலுமிச்சை இன மரங்களிலும் லெப்ரோசிஸ் மாதிரியான நோயை உண்டாக்குகின்றன. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் கண்டதை, பிறகு தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு மரங்களிலும் ஹவாயிலும் கண்டார்கள். அமெரிக்கக் கண்டத்து நோய் என்று பேசப்பட்டது கடல் தாண்டிவிட்டது.

ஆகவே ஆர்க்கிட் இலையில் மஞ்சள் புள்ளியோ வளையமோ தெரிந்தால் அந்தத் தொட்டியைத் தனியே ஒதுக்கி, இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆர்க்கிட்டையும் சாத்துக்குடியையும் ஒன்றோடொன்று இலை உரச வைக்காதீர்கள். புதிதாக வாங்கும் எந்தச் செடியையும், நர்சரி எவ்வளவு நல்லதானாலும், ஒரு மாதம் தனியே வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். செம்பருத்தியும் தட்டைப்பேனுக்குப் பிடித்த செடி. அதையும் லென்ஸால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் கொண்டு வரும் குச்சி

கொண்டு வர வேண்டாம். ஒரு குச்சிகூட, ஒரு இலைகூட வேண்டாம்.

பேன் குத்திய இடத்திலேயே வைரஸ் நிற்கும் என்று மேலே சொன்னேன். அந்த இடம் நறுக்கி எடுத்த குச்சியின் பட்டையிலேயே இருக்கலாம். பட்டை வெடிப்பில் ஒரே ஒரு பேனோ நாலு முட்டையோ இருந்தாலும் போதும். உங்கள் மாடிச் சாத்துக்குடியில் அது குடியேறினால், அடையாறு வீடுகளிலும் மந்தைவெளி வீடுகளிலும் ஒட்டுக்கன்று கைமாறுகிற வழக்கத்தில் எங்கெங்கே போகும் என்று யாராலும் பின்தொடர முடியாது. ஆந்திரத்துச் சாத்துக்குடித் தோட்டமும், தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சையும், கீழ்ப்பழனி மலையின் கமலா ஆரஞ்சும் ஏற்கெனவே டிரிஸ்டீசா, கிரீனிங் என்று அடிபட்டு நிற்பவை. அவற்றை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இன்னொரு சுமையை நம் பெட்டியிலிருந்து இறக்கிவைக்கக் கூடாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2003இல் வந்த தாவரத் தனிமைக் காப்பு ஆணைப்படி, வெளிநாட்டிலிருந்து நடவுப் பொருள் வர முன் அனுமதியும், அந்த நாட்டு அரசின் தாவர நலச் சான்றும் வேண்டும். அதற்கு மேலும், வந்த செடியைத் தனியே வளர்த்துக் கண்காணிக்கும் நிபந்தனையும் விதிக்கப்படுவது உண்டு. மீனம்பாக்கத்தில் உள்ள மண்டலத் தாவரத் தனிமைக் காப்பு நிலையம் இருப்பது இதற்காகத்தான். கைப்பையில் குச்சியை மறைத்துக் கொண்டுவருவது பலருக்குச் சின்னத் தவறாகத் தோன்றுகிறது. தென்னைப் பேன் வந்த பிறகு நம் விவசாயிகள் பட்டதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

நல்ல ரகம் வேண்டும் என்ற மகளின் ஆசைக்கு இங்கேயே வழி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 எலுமிச்சை நம் வெயிலுக்கு ஏற்ற ரகம். ஆரஞ்சு, சாத்துக்குடி என்றால் நாக்பூரில் உள்ள மத்திய எலுமிச்சையின ஆராய்ச்சி நிறுவனத்தின் முறைப்படி, நோய்ச் சோதனை செய்த தாய்மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றா என்று கேட்டு வாங்குங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிற வாடிக்கையாளர்கள் பெருகினால் நர்சரிகளும் மாறும்.

எப்போதாவது வழவழப்பான, வளையத்துக்குள் வளையமான புள்ளியையும், குழிந்த காய்ப் புள்ளியையும், பட்டை உரிதலையும் ஒரே மரத்தில் சேர்த்துப் பார்த்தால், இலையை எடுத்துக்கொண்டு நர்சரி நர்சரியாக அலைய வேண்டாம். பேன் இலையோடு பயணம் செய்யும். இலையின் இரு பக்கத்தையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, உங்கள் பகுதித் தோட்டக்கலைத் துறை அலுவலருக்கோ, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சென்னை மையத்துக்கோ முதலில் அனுப்புங்கள். மாதிரி வேண்டும் என்று அவர்கள் கேட்டால், காகித உறையில் வைத்து, அதை மூடிய பைக்குள் போட்டுக் கொடுங்கள்.

இந்த வாரத்தில் மழை விட்ட ஒரு நாளில் கத்தரியும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போங்கள். தோட்டக்காரரையும் கூட வைத்துக்கொண்டு, புள்ளியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, சொறி நோய்க்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிக்கொடுங்கள். அவர் போகும் பத்து வீடுகளில் பத்து மரங்கள் அநாவசியமாக வெட்டுப்படாமல் தப்பும். மகளிடம் குச்சி வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.